யன்னலுக்கு வெளியே தெரிவதற்கு என்ன விலை? இயற்கைக் காட்சியும் குடியிருப்பிடத் தெரிவும்

வீடு வாங்குவதைப் பற்றி நம்மவர்கள் கதைக்கும் இடங்களில் அண்மைக் காலமாக ஒரு சொல் அதிகம் அடிபடுகிறது. 'வியூ' என்பதுதான் அந்தச் சொல். முன்னர் பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடலாமா, பஸ் ஓடுமா, பள்ளிக்கூடம் எப்படி, தமிழ்க் கடை எவ்வளவு தூரம் என்றுதான் கேட்டோம். இன்று நமது பிள்ளைகள், "பின்பக்கம் பள்ளத்தாக்கு இருக்கா? மாடியிலிருந்து ஏரி தெரியுமா?" என்று கேட்கிறார்கள். பெற்றோருக்கு இது ஆடம்பரமாகப் படுகிறது, பிள்ளைகளுக்கு நியாயமான தேவையாகப் படுகிறது. இரு தரப்பாரும் சேர்ந்து ஒரே கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. ஆகவே இயற்கைக் காட்சி மனிதரின் குடியிருப்பிடத் தெரிவை எப்படிப் பாதிக்கிறது, அதற்கு என்ன விலை கொடுக்கிறோம், அந்த விலையில் எதை வாங்குகிறோம், எதை வாங்கவில்லை என்பவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

மனிதர் ஏன் காட்சியைத் தேடுகிறார்கள்?

பிரித்தானியப் புவியியலாளர் ஜே அப்பிள்ற்றன் 1975இல் வெளியிட்ட நூலொன்றில் எளிமையான ஒரு விளக்கத்தை முன்வைத்தார். தான் மறைவாக இருந்துகொண்டு தூரத்தைப் பார்க்கக்கூடிய இடமே மனிதருக்குப் பிடிக்கிறது என்பது அவரது கருத்து. வேட்டையாடி வாழ்ந்த காலத்தில் அத்தகைய இடம் உயிரைக் காத்தது. இன்று அதே இடம் அழகாகத் தெரிகிறது. முதுகுக்குப் பின்னால் மரங்களும் முன்னால் திறந்த வெளியும் தண்ணீரும் உள்ள வீட்டைப் பலரும் விரும்புவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

உடல்நலம் பற்றிய சான்றும் உண்டு. றோஜர் உல்றிச் என்பவர் 1984இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப் பேரின் யன்னலுக்கு வெளியே மரங்கள் இருந்தன. மற்றப் பாதிப் பேருக்குச் செங்கல் சுவர் மட்டுமே தெரிந்தது. மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினார்கள். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாட்கள் சென்றன. கடுமையான வலிமாத்திரைகளும் முதற் பிரிவினருக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவர்கள் உள்ள குடும்பங்கள் இதைக் கவனத்தில் எடுப்பது நல்லது.

எனினும் எது 'அழகு' என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. சுண்ணக்கல் நிலத்தின் கீழ் தேங்கும் நீரே நமக்கு வாழ்வு. ஆகவே காணி பார்க்கப் போனவர்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணியா, உவர்த் தண்ணியா என்றே முதலில் விசாரித்தார்கள். கடலோரம் தொழில் செய்யும் இடமாக இருந்தது. கடல் பார்க்கும் வீட்டுக்குக் கூடுதல் விலை என்பது அன்று யாருக்கும் விளங்கியிராது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தையும் வாழ்வையும் ஒன்றாக வைத்துப் பார்த்த மரபு நம்முடையது. அந்த மரபில் நிலம் என்பது தொழில், உணவு, தெய்வம், உறவு எல்லாம் சேர்ந்தது. யன்னலால் பார்க்கும் படமாக நிலத்தைக் காண்பது நமக்குப் பிற்பாடு வந்த பழக்கம். ஐரோப்பாவிலும் கடற்கரை ஓய்விடமானது கடந்த சில நூற்றாண்டுகளில்தான்.

காட்சி ஆட்களை நகர்த்துகிறதா?

நகர்த்துகிறது என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தின் ஆய்வாளர் டேவிட் மக்கிறனகன் 1999இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். மிதமான குளிர்காலம், குளிர்காலத்து வெயில், மிதமான கோடை, குறைந்த ஈரப்பதன், மேடுபள்ளமான நிலம், நீர்ப்பரப்பு ஆகிய ஆறையும் வைத்து ஒவ்வொரு கவுண்டிக்கும் புள்ளி வழங்கினார். பெருநகரம் சாராத கவுண்டிகளை எடுத்துக்கொண்டால், 1970க்கும் 1996க்கும் இடையில் குறைந்த புள்ளி பெற்றவற்றில் மக்கள்தொகை சராசரியாக 1 சதவீதமே கூடியது. உயர்ந்த புள்ளி பெற்றவற்றில் 120 சதவீதம் கூடியது. அவரது பிந்திய ஆய்வொன்று, முழுக்க அடர்ந்த காட்டைவிட காடும் வெளியும் கலந்த நிலத்தையே மக்கள் நாடுகிறார்கள் என்று காட்டியது. அப்பிள்ற்றன் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது.

ஆனால் இங்கே ஒரு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அழகான இடத்துக்குப் போகக்கூடியவர் யார்? ஓய்வூதியம் பெறுபவர், வீட்டிலிருந்தே வேலை செய்யக்கூடியவர், கையில் முதல் உள்ளவர். தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போகிறவருக்குப் பேருந்துத் தரிப்பிடம்தான் முதலாவது. ஜெனிபர் றோபக் என்ற பொருளியலாளர் 1982இல் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். விரும்பத்தக்க இடத்தில் வாடகை கூடும், அதோடு அங்கே குறைந்த சம்பளத்துக்கும் ஆட்கள் வேலைக்கு வருவார்கள். அதாவது சம்பளத்தின் ஒரு பகுதியைக் காட்சியாகப் பெற்றுக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவருக்கு அந்த வகைச் சம்பளம் உதவாது. காட்சியை வங்கி மூலம் ஊருக்கு அனுப்ப முடியாதல்லவா?

அகதிக்கு முதல் வீட்டைத் தெரிந்தது யார்?

நம்மில் பெரும்பாலானோர் முதல் வசிப்பிடத்தைத் தெரிவு செய்யவில்லை. சுவிற்சர்லாந்தில் தஞ்சம் கோருவோர் மாநிலங்களின் சனத்தொகை விகிதத்துக்கு ஏற்பப் பிரித்து அனுப்பப்படுகிறார்கள். ஜெர்மனியிலும் இதையொத்த பங்கீட்டு முறை உண்டு. பிரித்தானியாவில் 1999ஆம் ஆண்டுக் குடிவரவு மற்றும் தஞ்சச் சட்டம், அரச உதவியோடு தங்குவோரை இலண்டனுக்கு வெளியே அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. அல்ப்ஸ் மலையடிவாரத்தில் உலகப் பணக்காரர் விடுமுறைக்கு வரும் ஊரில், தான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமலே முதல் ஆண்டைக் கழித்த தமிழர் பலர். அவர்களுக்கு அந்த மலை, அழகாகத் தெரிவதற்கு முன்னர் குளிராகவும் தனிமையாகவும்தான் தெரிந்தது.

நோர்வேயின் வடக்கு முனையான பின்மார்க் இதற்குத் தெளிவான உதாரணம். 1956இல் நோர்வே வந்த அன்ரனி இராஜேந்திரம் அங்கு வந்த முதல் தமிழராகக் கருதப்படுகிறார். பின்னர் மாணவர்களாகவும் அகதிகளாகவும் வந்தவர்களில் பலர் 1980களிலும் 90களிலும் வடகடலோர மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கு அமர்ந்தார்கள். அங்கே ஆள் தேவை இருந்தது. நெய்தல் நிலத்து மக்களுக்கு மீனும் புதிதல்ல. நள்ளிரவுச் சூரியனையும் வடதுருவ ஒளியையும் பார்ப்பதற்கு உலகெங்குமிருந்து பணம் கட்டி வருகிறார்கள். ஆனால் அங்கே குடியிருப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஹம்மர்பெஸ்ற் நகரில் நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை.

நோர்வே அரசு 1990இலிருந்து பின்மார்க்கையும் வட துறொம்ஸையும் விசேட வலயமாக்கியது. குறைந்த வருமானவரி, மின்சார நுகர்வு வரி விலக்கு, கல்விக் கடனில் ஆண்டுதோறும் ஒரு பகுதி தள்ளுபடி என்று சலுகைகள் கொடுத்தது. உலகின் அழகான கரையோரங்களில் ஒன்றில் ஆட்களைத் தங்கவைப்பதற்கு அரசு பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதே இதன் பொருள். அப்படியிருந்தும் நம்மவர்களில் பலர் பிற்பாடு ஒஸ்லோவை நோக்கி இறங்கினார்கள். பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, உயர்கல்வி, கோயில், உறவினர் எல்லாம் தெற்கேதான் இருந்தன. காட்சி ஒருவரை ஓர் இடத்துக்கு இழுக்கலாம். ஆனால் அங்கே பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் மனிதர்கள்தான்.

புலம்பெயர்ந்த குடும்பங்களின் இடப்பெயர்வை நாம் கவனித்த அளவில், அதில் மூன்று கட்டங்கள் தெரிகின்றன. முதல் வீட்டை அரசோ குறைந்த வாடகையோ தீர்மானித்தது. ரொறன்ரோவில் அது சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியாக இருந்தது. இரண்டாவது வீட்டை உறவும் கடையும் கோயிலும் தீர்மானித்தன. ஸ்காபரோ அப்படித்தான் தமிழர் நகரானது. மூன்றாவது வீடு மார்க்கத்திலோ ஏஜெக்ஸிலோ அதற்கும் அப்பாலோ வாங்கப்படுகிறது. அதைத் தீர்மானிப்பவர்கள் பிள்ளைகள். காட்சி என்ற கேள்வி இந்த மூன்றாவது கட்டத்தில்தான் நமது வீடுகளுக்குள் நுழைகிறது.

காட்சியின் விலை

எல்லா வகையிலும் ஒத்த இரண்டு வீடுகள். ஒன்றிலிருந்து ஏரி தெரியும், மற்றதிலிருந்து தெரியாது. இரண்டின் விலை வித்தியாசமே காட்சியின் விலை. நடைமுறையில் இப்படிச் சோடி கிடைப்பதில்லை என்பதால், பல வீடுகளின் விற்பனை விலையை எடுத்துப் பரப்பளவு, வயது, அறைகள் போன்றவற்றின் பங்கைப் புள்ளியியல் முறையில் கழித்து மிஞ்சுவதைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் வொஷிங்ரன் மாநிலத்தில் பெலிங்ஹம் என்ற நகரைப் பற்றி 1998இல் வெளியான ஆய்வின்படி, மிகச் சிறந்த கடற்காட்சி உள்ள வீடு ஏனையவை ஒத்த வீட்டைவிட ஏறக்குறைய 60 சதவீதம் கூடிய விலைக்குப் போனது. அரைகுறையாகக் கடல் தெரிந்த வீட்டுக்கு ஏறக்குறைய 8 சதவீதமே கூடியது. ஆகவே 'ஏரி தெரியும்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், எவ்வளவு தெரியும், எந்த அறையிலிருந்து தெரியும், இலை உதிர்ந்த பிறகா இலையோடுமா என்று கேட்பது வீண் கேள்வியல்ல.

கணக்காளர் என்ற முறையில் ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். 900,000 டொலர் வீட்டுக்குக் காட்சிக்காக 10 சதவீதம் கூடக் கொடுக்கிறீர்கள் என்று வைப்போம். அது 90,000 டொலர். அதை முழுவதும் கடனாக 5 சதவீத வட்டிக்கு 25 ஆண்டுகளில் கட்டினால், கனடிய முறைப்படி மாதம் ஏறக்குறைய 523 டொலர் வரும். 25 ஆண்டில் மொத்தம் ஏறக்குறைய 157,000 டொலர். அதாவது காட்சிக்கு 90,000, காட்சிக்கான வட்டிக்கு 67,000. இதோடு முடியவில்லை. சொத்துவரி வீட்டின் மதிப்பீட்டை வைத்தே கணிக்கப்படுவதால், காட்சி கூட்டிய மதிப்புக்கு ஆண்டுதோறும் வரியும் கட்டுகிறீர்கள். விற்கும்போது அந்தப் பெறுமதி திரும்பி வரலாம். ஆனால் அதற்கு அந்தக் காட்சி அப்போதும் அங்கே இருக்க வேண்டும்.

காட்சி உங்களுக்குச் சொந்தமா?

இல்லை. பலருக்கு இது தெரிவதில்லை. இங்கிலாந்தின் நோர்பொக் பகுதியில் வில்லியம் ஒல்ட்றெட் என்பவர் அயலவரின் பன்றித் தொழுவத்துக்கு எதிராக வழக்குப் போட்டார். 1610ஆம் ஆண்டின் அந்த வழக்கில், நாற்றத்துக்கும் ஒளி, காற்றைத் தடுப்பதற்கும் வழக்காடலாம், ஆனால் காட்சி என்பது மகிழ்ச்சிக்கு உரியது மட்டுமே, தேவைக்கு உரியதல்ல, ஆகவே அதை இழந்ததற்கு வழக்காட முடியாது என்ற விதி நிலைபெற்றது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் நானூறு ஆண்டுகளாக இதுதான் நிலை. அந்தச் சட்டமரபைப் பின்பற்றும் கனடிய மாகாணங்களிலும் பொதுவாக அப்படியே. உங்கள் யன்னலுக்கு முன்னால் உள்ள காணி இன்னொருவருடையது என்றால், அனுமதி பெற்று அவர் அங்கே அடுக்குமாடி கட்டினால் நீங்கள் வாங்கிய ஏரி மறைந்துவிடும்.

சில பொதுக் காட்சிகளுக்கு மட்டும் சட்டப் பாதுகாப்பு உண்டு. இலண்டன் றிச்மண்ட் குன்றிலிருந்து தேம்ஸ் நதி வளைந்து செல்லும் காட்சியை 1902இல் பாராளுமன்றச் சட்டம் ஒன்றே காத்தது. வன்கூவர் மாநகரசபை 1989இல் மலைகள் தெரியும் பார்வைக் கோடுகளை வரையறுத்து அவற்றுக்குள் உயரக் கட்டடங்களைத் தடுத்தது. வீட்டுத் தட்டுப்பாடு காரணமாக 2024இல் அந்த விதிகளைத் தளர்த்தியது. இவையெல்லாம் பொது இடத்தில் நிற்பவரின் பார்வையைக் காப்பவை. தனியார் வீட்டு யன்னலைக் காப்பவை அல்ல.

சுவிற்சர்லாந்தில் பிரச்சினை வேறு வடிவில் வந்தது. மலைக் கிராமங்களில் விடுமுறை வீடுகள் பெருகி, ஆண்டின் பெரும்பகுதி யன்னல்கள் மூடியே கிடந்தன. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு வாங்க முடியாத விலை. 2012 மார்ச் 11ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் 50.6 சதவீதத்தினர், எந்த ஊராட்சியிலும் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற முன்மொழிவை ஏற்றார்கள். காட்சியைப் பார்க்க வருபவர்களின் பணம், அந்தக் காட்சிக்குள் வாழ்ந்தவர்களையே வெளியேற்றக்கூடும் என்பதற்கு இது சான்று. ஊரில் கடற்கரைக் காணிகளை விடுதிகளுக்கு விற்பது பற்றிப் பேசும் நம்மவர்களும் இதைக் கவனிக்கலாம்.

அழகின் ஆபத்து

குன்று, கரை, காடு எல்லாம் அசையாத படங்கள் அல்ல. ஸ்காபரோவில் வாழும் நமக்கு இதற்கு அருகிலேயே பாடம் உண்டு. 1793இல் மேல் கனடாவின் துணை ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ ஒன்ராறியோ ஏரிக்கரையின் வெண்குன்றுகளைக் கண்டு வியந்தார். அங்கே ஒரு கோடைகால வீடு கட்டி இங்கிலாந்தின் ஸ்காபரோ நகரின் பெயரை வைப்போம் என்று பேசிக்கொண்டதாகத் தன் நாட்குறிப்பில் எழுதினார். நம்மவர் ஆயிரக்கணக்கில் வாழும் இடத்தின் பெயரே இப்படி ஒரு காட்சியிலிருந்தும் வீட்டு ஆசையிலிருந்தும் வந்ததுதான்.

அந்தக் குன்றுகள் ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நீளமும் உயர்ந்த இடத்தில் 90 மீற்றர் வரை உயரமும் கொண்டவை. பனியூழிக் காலத்தில் படிந்த களியும் மணலும் என்பதால் அலையும் மழையும் அவற்றை அரித்தபடியே இருக்கின்றன. விளிம்பை அண்டிய காணிகளில் எதையும் கட்ட வட்டாரப் பாதுகாப்பு அதிகாரசபையின் அனுமதி வேண்டும். வழமையான வீட்டுக் காப்புறுதிகள் பெரும்பாலும் மண்சரிவை உள்ளடக்குவதில்லை.

பெயர் தந்த இங்கிலாந்து ஸ்காபரோவில் 1993 ஜூன் மாதம் ஹோல்பெக் ஹோல் என்ற விடுதியின் முன்னாலிருந்த புல்வெளி சரிந்து, பின்னர் கட்டடத்தின் ஒரு பகுதியே கீழே போனது. உயிரிழப்பு இல்லை. கீழ்ப்பகுதி நிலம் உள்ளூராட்சி சபையினுடையது என்பதால் விடுதி உரிமையாளர் நட்டஈடு கேட்டார். 2000ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் சபை பொறுப்பல்ல என்று தீர்ப்பளித்தது. காட்டோர வீடுகளுக்கு வேறு ஆபத்து. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏரியும் மலையும் சூழ்ந்த கெலோனாவில் 2003 ஓகஸ்ட் மாதம் பரவிய காட்டுத்தீ 239 வீடுகளை அழித்தது.

முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மேற்சொன்னவற்றிலிருந்து குடும்பங்கள் பயன்படுத்தக்கூடிய சில குறிப்புகள்:

1. யன்னலுக்கு முன்னாலுள்ள காணி யாருடையது, அது எந்த வகைப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது என்பதை மாநகரசபையில் விசாரியுங்கள். பூங்காவாகவோ பாதுகாக்கப்பட்ட பள்ளத்தாக்காகவோ இருந்தால் காட்சி நிலைக்க வாய்ப்பு அதிகம்.

2. குன்று, ஆறு, ஏரி அருகே என்றால் கட்டுப்பாட்டு வலய வரைபடத்தைப் பாருங்கள். விலை பேசுவதற்கு முன்னரே காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

3. வீட்டை ஜூன் மாதத்தில் மட்டும் பார்க்காதீர்கள். பெப்ரவரி மாலை ஐந்து மணிக்கு அந்தத் தெரு எப்படி இருக்கும், பனி யார் அள்ளுவது, வேலைக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள்.

4. காட்சிக்கான மேலதிக விலையைத் தனியாக எழுதி மாதக் கட்டணமாக்கிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு வேறு என்ன செய்யலாம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

5. காட்சியைச் சொந்தமாக வாங்காமலும் பெறலாம். ஸ்காபரோ, மார்க்கம், பிக்கறிங் பகுதிகளைத் தொட்டுக் கிடக்கும் றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா ஏறக்குறைய 79 சதுர கிலோமீற்றர் பரப்பு. கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா அது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. அதற்கு நடந்து போகக்கூடிய சாதாரண வீடு, பூங்காவைப் பார்க்கும் விலை கூடிய வீட்டைவிடச் சில குடும்பங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

6. பகலில் வீட்டில் இருக்கப்போவது யார் என்பதைக் கேளுங்கள். இதைக் கடைசியாக எழுதினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பிள்ளைகள் காலை ஏழு மணிக்குப் போய் இரவு வருவார்கள். கார் ஓட்டாத தாத்தாவும் அம்மம்மாவும்தான் பத்து மணிநேரம் அந்த யன்னலோடு இருக்கப்போகிறவர்கள். பஸ் ஓடாத, அயலில் தமிழ் பேசும் ஒருவரும் இல்லாத அழகான ஊரில் அவர்கள் வாய் திறந்து பேசவே ஆள் இருக்காது. மரம் தெரியும் யன்னல் நோயாளியை விரைவில் வீட்டுக்கு அனுப்பியது உண்மை. ஆனால் அந்த நோயாளிகளைப் பார்க்க ஆட்கள் வரும் மருத்துவமனையில்தான் அந்த யன்னல் இருந்தது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் நமக்கு இடம் தெரிய உரிமை இருக்கவில்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு அது இருக்கிறது. ஏரியும் மரமும் வேண்டும் என்று அவர்கள் கேட்பதைப் பெருமை காட்டுவதாக எண்ணித் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. உயிரைக் காக்க இடம் தேடிய ஒரு தலைமுறைக்குப் பின், வாழ்வதற்கு இடம் தேடும் தலைமுறை வந்திருக்கிறது. அவர்களிடம் நாம் கேட்கக்கூடியது ஒன்றுதான். வீட்டுக்கு விலை சொல்வதற்கு முன், ஒரு வேலைநாளில் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிச் சென்று அந்தத் தெருவில் ஒரு மணிநேரம் நடக்க விடுங்கள். பிறகு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.